போதைநோயும் பொது வைத்தியரும்: ஒரு வரலாற்று நோக்கு

மதுவும் அபினும் மனிதரை ஆட்கொள்ளும் என்பது பழங்காலந்தொட்டே அறியப்பட்ட செய்தியாகும். திருவள்ளுவர் பொருட்பாலிலே கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும், சூதினை 94ஆம் அதிகாரமாகவும், மருந்தினை 95ஆம் அதிகாரமாகவும் வைத்தார். கள்ளுண்ணாமை பழிக்கத்தக்க ஒழுக்கக்கேட்டினைக் கூறுவது; மருந்து என்னும் அதிகாரம் நோயினையும் அதனைத் தீர்ப்போன் கடனையும் கூறுவது. போதைக்கு அடிமையானவனை இவ்விரு கண்களுள் எக்கண்கொண்டு நோக்குவது என்னும் வினா, மேனாட்டு மருத்துவ வரலாற்றிலே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீராத வழக்காக நிலவி வந்துள்ளது.

இவ்வழக்கின் நடுவே நிற்பவர் பொது வைத்தியர். மனநோய் நிபுணரையோ சிறப்பு வைத்தியசாலையையோ நாடுமுன்னர், குடியினால் ஈரல் கெட்டவனும், துயில் வாராது வருந்துபவளும், ஊசியேற்றிக் கை புண்பட்ட இளைஞனும் அவருடைய வாயிலிலேயே வந்து நிற்கின்றனர். வருகின்றவர் தம் நோயின் வேரினைத் தாமாகச் சொல்வது அரிது. வைத்தியரே கேட்டறிதல் வேண்டும். அங்ஙனம் கேட்டறிவதற்கும், அறிந்தபின் மருந்தளிப்பதற்கும் அவர் பயிற்றப்பட்டாரா? பயிற்றப்படவில்லையெனின் அதற்குக் காரணம் யாது? ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு ஆகிய மூன்று நாடுகளின் வரலாற்றினை ஒப்புநோக்கி இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய் என்னும் கொள்கை

குடிவெறியினை நோயென வகுத்துரைத்த முன்னோடிகளுள் இருவர் குறிப்பிடத்தக்கோர். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திலே 1776இல் கையொப்பமிட்டோருள் ஒருவரான பெஞ்சமின் ரஷ் என்னும் பிலடெல்பியா வைத்தியர், சாராய வகைகள் உடலையும் உள்ளத்தையும் கெடுக்குமாற்றினை விளக்கி 1784இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பிரித்தானியக் கடற்படை வைத்தியரான தோமஸ் ட்ரொட்டர் எடின்பரோ சர்வகலாசாலைக்கு 1788இல் அளித்த ஆராய்ச்சியினை விரித்து 1804இல் நூலாக்கினார். குடிப்பழக்கம் உள்ளத்தைப் பற்றிய நோய் என்பதும், அதனைத் தீர்க்கப்புகும் வைத்தியர் முதற்கண் நோயாளியின் நம்பிக்கையைப் பெறல்வேண்டும் என்பதும் அவருடைய கொள்கை. இக்காலத்துப் பயிற்சி நூல்கள் வற்புறுத்தும் கருத்தொன்றினை அவர் அன்றே கண்டிருந்தார்.

எனினும் 19ஆம் நூற்றாண்டிலே நிகழ்ந்தது வேறு. ஜேர்மனிய மருந்தாளரான சேர்ட்யூர்னர் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தார். தோலின்கீழ் மருந்தேற்றும் ஊசி 1853ஆம் ஆண்டளவிலே தோன்றியது. பேயர் கம்பனியார் 1898இல் ஹெரோயினை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கினர். நோவென்று வந்தவர்க்கெல்லாம் மோர்பின் ஊசி ஏற்றுவது வைத்தியர்க்கு எளிய வழியாயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மோர்பினுக்கு அடிமையானோருட் பெரும்பாலார் வைத்தியர் கையினாலேயே அந்நிலையை எய்தினர். அவருள்ளும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் பலர். ஆகவே பொது வைத்தியர் இவ்வரலாற்றினுள் நோய் தீர்ப்பவராக வருமுன்னர் நோய் விளைப்பவராகவே வருகின்றார். பின்னாளிற் சட்டம் அவர்மீது கொண்ட ஐயத்திற்கு இதுவும் ஒரு காரணமாம்.

சட்டம் வைத்தியரை விலக்கியமை

அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய ஹரிசன் சட்டம் 1914ஆம் ஆண்டு திசெம்பர் 17இற் கையொப்பம் பெற்று, 1915 மார்ச்சு மாதம் நடைமுறைக்கு வந்தது. புறத்தோற்றத்தில் அஃது ஒரு வரிச்சட்டம். அபின் வகைகளையும் கொக்கெயினையும் கையாள்வோர் பதிவு செய்து வரி செலுத்தல்வேண்டும். வைத்தியர் தம் தொழின்முறைக்கு உட்பட்டு அவற்றை வழங்கலாம் என்பதே அதன் விதி. தொழின்முறை என்பது யாது? அடிமையானவனுக்கு நாள்தோறும் அளவான மோர்பின் கொடுத்து அவனை வேலைசெய்து வாழவைப்பது தொழின்முறையுள் அடங்குமா? சட்டம் இதனை வெளிப்படக் கூறவில்லை. வரித் திணைக்களத்தார் அடங்காது என்றனர்.

மெம்பிஸ் நகரத்து வைத்தியரான வெப் என்பார்மீது தொடரப்பட்ட வழக்கிலே, 1919ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் திணைக்களத்தின் பக்கம் சாய்ந்தது. பழக்கத்தைத் தீர்க்கும் நோக்கமின்றி, அடிமையானவனின் வருத்தத்தைத் தணிக்கும்பொருட்டு மட்டும் எழுதப்படும் சீட்டு மருந்துச்சீட்டு ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். தீர்ப்பின் பின்னர் கைவிடப்பட்டோர்க்காகப் பல நகரங்கள் சிகிச்சை நிலையங்களைத் திறந்தன. லூசியானா மாநிலத்துச் சிரீவ்போர்ட் நகரில் வைத்தியர் வில்லிஸ் பட்லர் 1919இல் தொடங்கிய நிலையம் அவற்றுட் புகழ்பெற்றது. சமஷ்டி அதிகாரிகளின் நெருக்குதலால் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சிரீவ்போர்ட் நிலையமும் 1923இல் மூடுண்டது. அமெரிக்க மருத்துவ சங்கமும் அக்காலத்தில் வெளிநோயாளர்க்கு இவ்வாறு மருந்தளித்தலைக் கண்டித்ததன்றி வைத்தியர்க்காக வாதாட முன்வரவில்லை.

இவ்விடத்து ஒரு வழக்கு ஊன்றி நோக்கத்தக்கது. வாஷிங்டன் மாநிலத்துச் சிப்போக்கேன் நகரில் வைத்தியராயிருந்த சார்ள்ஸ் லின்டர், நோயுற்றவள்போல் வந்த ஒரு பெண்ணுக்கு நான்கு குளிசைகள் கொடுத்தார். அவளோ அதிகாரிகளின் ஒற்றர். லின்டர் குற்றவாளியெனக் காணப்பட்டார். 1925இல் உயர்நீதிமன்றம் அத்தண்டனையைத் தள்ளி, அடிமையானோர் நோயாளர் என்றும் அவர்க்குச் சிகிச்சையளித்தல் தகும் என்றும் கூறிற்று. ஆயினும் தீர்ப்பு ஏட்டளவில் நின்றது. நான்கு குளிசைகளுக்காக ஒரு வைத்தியர் உயர்நீதிமன்றம்வரை செல்லநேர்ந்தது என்பதே ஏனைய வைத்தியர் நெஞ்சிற் பதிந்தது. சிகிச்சையளித்தல் ஆபத்தானதாகவே, அதனைக் கற்பதும் கற்பிப்பதும் குன்றின. தாம் செய்யவொண்ணாத சிகிச்சையை மாணவர்க்குப் போதிப்பதில் எந்த ஆசிரியர் ஊக்கங்கொள்வார்?

1935இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனிலே சமஷ்டி அரசாங்கம் பெரியதோர் நிலையத்தைத் திறந்தது. அது பாதி வைத்தியசாலை, பாதி சிறைச்சாலை. அங்கிருந்து வெளியேறியோருட் பெரும்பாலார் மீண்டும் பழைய வழக்கத்திற்கே திரும்பினர். அந்நிலையத்து ஆராய்ச்சிக்கூடமோ உலகப் புகழ்பெற்றது. ஆயினும் அங்கே விளைந்த அறிவு ஊர் வைத்தியரைச் சென்றடையவில்லை.

பிரித்தானியர் கண்ட வழி

இதே காலத்தில் பிரித்தானியர் வேறு வழி சென்றனர். வைத்தியர்களின் அரச கல்லூரித் தலைவரான சேர் ஹம்பிரி ரோல்ஸ்டன் தலைமையில் 1924இல் நியமிக்கப்பட்ட குழு 1926இல் அறிக்கை சமர்ப்பித்தது. அடிமைநிலை பெரும்பாலும் ஒரு நோய் நிலையே என்று அக்குழு கொண்டது. அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தீர்த்தற்பொருட்டும், எம்முயற்சியாலும் முற்றாக விடவியலாதவர் சிறிய அளவு மருந்தினாற் பயனுள்ள வாழ்வு வாழக்கூடுமாயின் அதன்பொருட்டும், பொது வைத்தியர் மோர்பினோ ஹெரோயினோ அளிக்கலாம் என்றது. நாற்பதாண்டுக்காலம் இம்முறை அமைதியாக நடந்தது.

ஆயின் இம்முறையின் வெற்றிக்கு ஒரு காரணம் அடிமையானோர் தொகை மிகச் சிறியதாயிருந்தமையே. அவருட் பலர் நடுத்தர வயதினர். வைத்தியத் தொழிலைச் சார்ந்தோரும் உளர். நிலை மாறியபோது குறை வெளிப்பட்டது. அறியப்பட்ட ஹெரோயின் அடிமைகள் 1959இல் 68 பேராயிருந்து 1964இல் 342 பேராயினர். சேர் றசல் பிரெயின் தலைமையிலான குழு 1965இல் வெளியிட்ட இரண்டாம் அறிக்கை, ஒரே வைத்தியர் 1962ஆம் ஆண்டில் ஏறத்தாழ 600,000 ஹெரோயின் குளிசைகளை எழுதிக்கொடுத்தார் எனக் காட்டிற்று. இங்ஙனம் வரைகடந்து வழங்கியோர் ஆறு பேருக்கு மேற்படார் என்பதும் அவ்வறிக்கையின் முடிவு. இதன் பயனாக 1968 முதல் அடிமைகளுக்கு ஹெரோயினும் கொக்கெயினும் எழுதும் உரிமை அனுமதிபெற்ற வைத்தியர்க்கு மட்டும் உரித்தாயிற்று. சிறப்பு நிலையங்கள் தோன்றின. ஒருசிலர் செய்த பிழைக்காக அனைவரும் விலக்கப்பட்டனர் என்பர் சிலர். அனைவர்க்கும் உரிமை தந்த ரோல்ஸ்டன் முறை, அவ்வுரிமையைப் பயன்படுத்தும் பயிற்சியை எவர்க்கும் தரவில்லை என்பதும் உடன் நினைக்கற்பாலது.

சிறப்பு நிலையங்கள் தோன்றியபின் இந்நோயாளர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்னும் எண்ணம் பொது வைத்தியரிடையே வேரூன்றியது. 1980களில் மலிவான ஹெரோயின் நாட்டினுட் பெருகியபோது அவ்வெண்ணத்தின் தீமை புலப்பட்டது. எடின்பரோ நகரின் வறிய பகுதியொன்றிற் பொது வைத்தியராயிருந்த றோய் றொபர்ட்சனும் அவர் துணைவரும், தம் நோயாளருள் ஊசியேற்றும் பழக்கமுடைய 164 பேரின் குருதியைப் பரிசோதித்து 1986இல் முடிவினை வெளியிட்டனர். அவருள் 51 வீதத்தினர்க்கு எயிட்ஸ் நோய்க்கிருமி தொற்றியிருந்தது. இச்செய்தி நாட்டை உலுக்கிற்று. போதையினும் இக்கிருமியே பெருங்கேடு என 1988இல் அரசாங்க ஆலோசனைச் சபை கூறி, பொது வைத்தியர் மீண்டும் இப்பணியில் ஈடுபடுதல்வேண்டும் என வற்புறுத்தியது. இம்முறை உரிமையோடு பயிற்சியும் வந்தது. 1984இல் முதன்முதல் வெளிவந்த அரசாங்க வழிகாட்டி நூல் பலமுறை திருத்தப்பட்டது. பொது வைத்தியர்களின் அரச கல்லூரி 2001 முதல் இத்துறையிலே தனியான சான்றிதழ்ப் பயிற்சியை நடத்திற்று.

வினாவும் அறிவுரையும்

இதுவரை கூறியது அடிமைநிலை முற்றியவரைப் பற்றியது. முற்றுமுன் கண்டறிதல் இயலுமா என்னும் ஆராய்ச்சி 1970களிலே வேறொரு பக்கமாக எழுந்தது. கிரிபித் எட்வர்ட்ஸ் என்னும் இலண்டன் மனநோய் நிபுணரும் அவர் குழுவினரும், குடிநோயுற்ற மணமான ஆடவர் நூற்றுவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு நீண்ட சிகிச்சையும் மற்றையோர்க்கு மனைவியுடன் இருத்தி ஒருமுறை அறிவுரையும் அளித்தனர். ஓராண்டின் பின்னர் இரு பிரிவினர்க்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 1977இல் வெளிவந்த இம்முடிவு பலரைத் திகைக்கவைத்தது.

1979இல் மைக்கல் றசல் என்பார் புகைத்தல் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சி பொது வைத்தியரையே களமாகக் கொண்டது. இலண்டனில் 28 பொது வைத்தியரிடம் வந்த 2,138 புகைப்போர் அதிற் பங்குபற்றினர். ஓரிரு நிமிட அறிவுரையும், ஒரு துண்டுப் பிரசுரமும், பின்னர் விசாரிப்போம் என்னும் எச்சரிக்கையும் பெற்றோருள் 5.1 வீதத்தினர் ஓராண்டுவரை புகைத்தலை விட்டிருந்தனர். எதுவும் பெறாதோருள் 0.3 வீதத்தினரே விட்டிருந்தனர். ஐந்து வீதம் சிறிதெனத் தோன்றலாம். நாட்டிலுள்ள பொது வைத்தியர் அனைவரும் இதனைச் செய்வாராயின் ஆண்டொன்றிற்கு ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் புகைத்தலை விடுவர் என ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். சிறு முயற்சியும் பலர் கையாற் செய்யப்படும்போது பெரும்பயன் தரும் என்பது இதனாற் பெறப்படும்.

யாரிடம் எதனைக் கேட்பது என்பது அடுத்த வினா. வட கரோலினாச் சர்வகலாசாலையைச் சார்ந்த ஜோன் ஈவிங் வகுத்த நான்கு வினாக்கள் 1984இற் பரந்த வழக்கிற்கு வந்தன. குடியைக் குறைக்க எண்ணியதுண்டா, பிறர் குறைகூறச் சினந்ததுண்டா, குற்றவுணர்வு கொண்டதுண்டா, காலையெழுந்தவுடன் குடித்ததுண்டா என்பன அவை. எளிதில் மனத்திற் கொள்ளத்தக்கனவாயினும் இவை நோய் முற்றியவரையே பெரிதும் காட்டுவன. உலக சுகாதார தாபனம் 1982இற் றொடங்கிய பெருமுயற்சி இக்குறையை நீக்கிற்று. அவுஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிக்கோ, நோர்வே, ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஆரம்பச் சிகிச்சைக்கு வந்தோரை ஆராய்ந்து பத்து வினாக்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. முதல் மூன்று குடியின் அளவினையும், அடுத்த மூன்று அடிமைநிலையினையும், எஞ்சிய நான்கு விளைந்த தீங்கினையும் வினவுவன. மொத்தப் புள்ளி 40. எட்டும் அதற்கு மேலும் பெற்றவர் அபாய எல்லையிலுள்ளவராகக் கருதப்படுவர். இவ்வினாக்கொத்து தமிழறிஞர் செய்யும் பரீட்சைப் பத்திரம் போன்றதன்று. எவரையும் தோற்கச்செய்வது அதன் நோக்கமன்று. தம் குடியினைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கும் வாய்ப்பினை அது நோயாளிக்கு அளிக்கின்றது.

வினாவைத் தொடர்ந்த அறிவுரையின் பயனும் சோதிக்கப்பட்டது. பிரித்தானியாவில் 47 பொது வைத்திய நிலையங்களில் மிகையாகக் குடிக்கும் 909 பேரைக்கொண்டு நடத்தப்பட்ட ஆராய்ச்சி 1988இல் வெளிவந்தது. ஓராண்டில், அறிவுரை பெற்ற ஆடவருள் மிகையாகக் குடிப்போர் ஏறத்தாழ 44 வீதத்தாற் குறைந்தனர். பெறாதாருள் 26 வீதமே குறைந்தனர். அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்திலே 64 வைத்தியர்களைப் பயிற்றி, 774 நோயாளரைக்கொண்டு நடத்திய ஆராய்ச்சி 1997இல் இதற்கொத்த முடிவினையே தந்தது. அங்கே வைத்தியர் செய்தது, பத்துப் பதினைந்து நிமிட அறிவுரையை இருமுறை அளித்தமையே.

அறிவுரை எனின் இடித்துரைத்தல் என்று கொள்ளற்க. வில்லியம் மில்லர் என்னும் உளநூலார் 1983இல் எழுதி, பின்னர் ஸ்ரீபன் றோல்னிக்குடன் 1991இல் நூலாக விரித்த முறை, வைத்தியர் வாதாடுந்தோறும் நோயாளி தன் பழக்கத்திற்காகவே வாதாடுவான் என்னும் உண்மையிலிருந்து தொடங்குகின்றது. மாற்றத்திற்கான காரணங்களை நோயாளியின் வாயிலிருந்தே வருவித்தலும், செவிமடுத்தலும் அம்முறையின் உயிர். இத்திறன் விரிவுரையினால் மட்டும் வருவதன்று. போதைநோய்ச் சிகிச்சைத் தொழிலினர் 140 பேரைக்கொண்டு மில்லரும் பிறரும் செய்து 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூல் படித்துத் தாமே கற்றோர் சிறிதளவே முன்னேறினர். பயிற்சி வகுப்பிற்குச் சென்றோரின் முன்னேற்றம் சில மாதங்களில் மங்கிற்று. வகுப்பின் பின்னரும் தம் உரையாடலைப் பிறர் கேட்டுத் திருத்தப் பெற்றோரே அத்திறனை நிலைநிறுத்தினர். எழுத்தாணி பிடித்த கைக்கு ஆசானின் கை துணையிருந்தாலன்றி எழுத்துத் திருந்தாது என்பதனை ஆசிரியத் தொழிலினர் நன்கறிவர்.

இவ்வறிவுரையின் எல்லையினையும் மறைத்தல் ஆகாது. இங்கிலாந்தில் 2013இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், ஐந்து நிமிட அறிவுரையும் இருபது நிமிட ஆலோசனையும், மதிப்பீட்டு முடிவோடு ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தலினும் மேலான பயனைத் தந்ததாகக் காணப்படவில்லை. 2014இல் அமெரிக்காவில் வெளிவந்த இரு பெரும் ஆராய்ச்சிகள், மதுவல்லாத ஏனைய போதைப்பொருள்களைப் பயன்படுத்துவோர்க்குக் குறுகிய அறிவுரை பயன்தரவில்லை எனக் காட்டின. ஆகவே அறிவுரை ஒன்றே போதும் என்பது பொருந்தாது. அபின் வகைகளுக்கு அடிமையானவர்க்குக் கேள்வியின் பின்னர் மருந்தும் வேண்டப்படுகின்றது.

மருந்தும் சான்றிதழும்

அம்மருந்தின் வரலாறு நியூயோர்க்கிற் றொடங்குகின்றது. வின்சென்ற் டோல் என்னும் வைத்திய விஞ்ஞானியும், மாரி நைசுவாண்டர் என்னும் மனநோய் வைத்தியரும், ஹெரோயினுக்கு அடிமையான 22 பேருக்கு மெதடோன் என்னும் மருந்தை நாள்தோறும் வாய்வழி அளித்து, அவர் கல்விக்கும் தொழிலுக்கும் திரும்பியதை 1965இல் வெளியிட்டனர். பயன் ஐயத்திற்கிடமின்றித் தெரிந்தது. எனினும் 1970களின் விதிகள் அம்மருந்தினைத் தனிப்பதிவு பெற்ற நிலையங்களுக்குள் அடைத்தன. பொது வைத்தியர் வாயிலுக்கு வெளியிலேயே நின்றார்.

இங்கிலாந்தில் ஹல் நகரத்து ரெக்கிற் கொல்மன் கம்பனியாரின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1966இற் கண்டுபிடிக்கப்பட்டது புப்ரினோர்பின். அது மூளையில் அபின் வகைகள் பற்றும் இடத்தையே பற்றுமாயினும் அரைகுறையாகவே தொழிற்படும். ஆதலின் அளவு கூடினும் மூச்சை நிறுத்தும் அபாயம் குறைவு. இதனை அடிமைநிலைக்கு மருந்தாக்கலாம் என 1978இற் காட்டியோர் லெக்சிங்டன் ஆராய்ச்சிக்கூடத்தைச் சார்ந்தோரே. பொது வைத்தியர் கையில் ஒப்படைக்கத்தக்க மருந்து ஒன்று உளதாயிற்று.

பிரான்சு இதனைத் துணிந்து செய்தது. 1995இல் எடுத்த தீர்மானத்தின்படி, 1996 முதல் எந்தப் பொது வைத்தியரும் தனி அனுமதியின்றி இம்மருந்தை எழுதலாயினர். 1995 முதல் 1999 வரை அந்நாட்டில் மிகையளவால் இறந்தோர் தொகை 79 வீதத்தாற் குறைந்தது. குறைகளும் இல்லாமலில்லை, சிலர் குளிசையைக் கரைத்து ஊசியிலேற்றினர், சிலர் விற்றனர். ஆயினும் காக்கப்பட்ட உயிர்களோடு சீர்தூக்கின் அக்குறை சிறிதே. சுவீடனில் நாற்பது பேரைக்கொண்டு நடத்தி 2003இல் வெளிவந்த ஆராய்ச்சியும் இதனை உறுதிப்படுத்தும். ஓராண்டின்பின் மருந்து பெற்றோருள் 75 வீதத்தினர் சிகிச்சையில் நிலைத்திருந்தனர்; மருந்து பெறாதோருள் எவரும் நிலைக்கவில்லை, நால்வர் இறந்தனர்.

அமெரிக்கா தயங்கியது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், எட்டு மணிநேரப் பயிற்சி பெற்றுத் தனிச்சான்று வாங்கிய வைத்தியர் மட்டும் முப்பது நோயாளர் வரையில் இம்மருந்தை அளிக்கலாம் என்றது. மருந்து 2002இல் அங்கீகாரம் பெற்றது. பின்னர் அவ்வெல்லை 100 ஆகவும், 2016இல் 275 ஆகவும் உயர்ந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் உயர்பயிற்சி பெற்ற தாதியர்க்கும் வைத்திய உதவியாளர்க்கும் உரிமை தந்தபோது, அவர்க்கு 24 மணிநேரப் பயிற்சி விதிக்கப்பட்டது.

இதே காலத்தில் நடந்த மற்றொன்றையும் ஒப்புநோக்குதல் வேண்டும். 1996இற் சந்தைக்கு வந்த ஒக்சிகொன்ரின் என்னும் வலிநீக்கி, அடிமைப்படுத்தும் இயல்பு குறைந்ததென்று வைத்தியரிடையே பரப்பப்பட்டது. அங்ஙனம் தவறாகக் கூறியமைக்காக அதனை விற்ற பர்டியூ கம்பனி 2007இற் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏறத்தாழ 60 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. இம்மருந்தினை எழுத எந்தச் சிறப்புப் பயிற்சியும் வேண்டப்படவில்லை. ஆளெண்ணிக்கை எல்லையும் இல்லை. மக்களை அடிமையாக்க வல்ல மருந்திற்குத் தடையில்லை, அடிமையானோரைக் காக்கும் மருந்திற்கோ சான்றிதழ் வேண்டும் என்னும் முரண்பாடு இருபதாண்டு நிலைத்தது. 2022ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் மிகையளவால் 107,000இற்கு மேற்பட்டோர் இறந்தனர்.

2022ஆம் ஆண்டு திசெம்பர் 29இற் கையொப்பமான சட்டம் அச்சான்றிதழை ஒழித்தது. அதனுடன், அபாய மருந்துகளை எழுதப் பதிவுபெறும் வைத்தியர் அனைவரும் போதைநோய் பற்றி ஒருமுறை எட்டு மணிநேரம் கற்றல்வேண்டும் என்னும் விதி 2023 ஜூன் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. மிருக வைத்தியர்க்கு மட்டும் விலக்குண்டு. முன்னர்ச் சிகிச்சையளிக்க விரும்பிய சிலருக்கு வாயிற்றடையாய் நின்ற எட்டு மணிநேரம், இப்பொழுது அனைவர்க்கும் பொதுப்பாடமாயிற்று.

வரலாறு உணர்த்துவது

மேற்கூறியவற்றை ஒருங்குவைத்து நோக்கின் மூன்று உண்மைகள் தெளிவாகும்.

முதலாவது, கல்வியின்றி வழங்கப்படும் உரிமை தீங்கு பயக்கும். மோர்பின் ஊசியை வரைவின்றி ஏற்றிய 19ஆம் நூற்றாண்டு வைத்தியரும், பிரெயின் குழு சுட்டிய வைத்தியரும், விற்பனையாளர் சொல்லை நம்பி வலிநீக்கியை வாரி வழங்கியோரும் இதற்குச் சான்று. இவருட் பலர் தீயோர் அல்லர், அறியாதோர்.

இரண்டாவது, அனுமதியின் பின்னே பூட்டிவைக்கப்படும் கல்வி பரவாது. சான்றிதழ் முறை தரத்தைக் காக்கும் என்றோர் கூற்றிலே நியாயம் இல்லாமலில்லை. பயிலாதார் கையில் மருந்து பிறழும் என அவர் அஞ்சினர். ஆனால் சான்றிதழ் ஒரு சிலரைக் கற்கச்செய்ததினும், இந்நோய் தமக்குரியதன்று எனப் பலர் ஒதுங்கவே பெரிதும் துணைசெய்தது. பிரான்சு தனி அனுமதி கேளாமலே உயிர்களைக் காத்தது. ஒரு பாடத்தை விருப்பப் பாடமாக்கினால் அதனைப் பெரும்பாலார் விடுவர். கட்டாயப் பாடமாக்கினாற் சிலரேனும் ஆழ்ந்து கற்பர்.

மூன்றாவது, ஒருமுறைப் பயிற்சி நிலைத்த பயிற்சி ஆகாது. இங்கிலாந்து, கற்றலோனியா, நெதர்லாந்து, போலந்து, சுவீடன் ஆகிய இடங்களில் 120 ஆரம்பச் சிகிச்சை நிலையங்களைக் கொண்டு நடத்தி 2016இல் வெளிவந்த ஆராய்ச்சி, பயிற்சியும் துணையும் பெற்ற வைத்தியரும், செய்த பணிக்கு ஊதியம் பெற்றோரும் நோயாளரைக் கூடுதலாக வினவினர் எனக் காட்டிற்று. நியூமெக்சிக்கோச் சர்வகலாசாலையில் சஞ்சீவ் அரோரா 2003இல் ஈரல் நோய்க்கெனத் தொடங்கிப் பின்னர் போதைநோய்க்கும் விரிந்த முறையிலே, கிராமத்து வைத்தியர் தம் நோயாளர் நிலையைக் காணொளி வாயிலாக நிபுணர்முன் வைத்து, வாரந்தோறும் கலந்து கற்கின்றனர். நோயாளி நிபுணரைத் தேடிச் செல்லாது, நிபுணரின் அறிவு நோயாளியின் ஊரைத் தேடிச் செல்கின்றது. இதுவே எட்டு மணிநேரத்தின் பின்னும் தொடரவேண்டிய கல்வி.

சட்டம் வாயிலைத் திறந்துவிட்டது. திறந்த வாயிலின் உள்ளே நோயாளி அச்சமின்றி இருக்கவேண்டுமாயின், அவனை நோக்கும் முகமும் வினவும் சொல்லும் மாறுதல் வேண்டும். எத்தனை குடித்தாய் எனக் குற்றம் சாட்டுவோன்போல் வினவுவதற்கும், இதனால் உமக்கு நேர்ந்தது யாது என அறியும் விருப்போடு வினவுவதற்கும் உள்ள வேறுபாட்டினைச் சட்டப் புத்தகம் கற்பிக்கமாட்டாது. அதனைக் கற்பிக்க வல்லார் நல்லாசிரியர். கற்கவேண்டியோர் இன்று பள்ளியிலும் சர்வகலாசாலையிலும் மருத்துவக் கனவோடு பயிலும் மாணவர். நூறாண்டுகளாக வைத்தியரும் நோயாளரும் ஒருவரையொருவர் அஞ்சி விலகியதனால் நேர்ந்த இழப்பினை அவர் அறிந்துகொள்வாராயின், அவ்வரலாறு மீண்டும் நிகழாமற் காத்தல் கூடும்.